கால நீட்டிப்பு

வசுமதி டீச்சர் சிறப்புச் சார்பியலைப் பதினொரு நிமிடத்தில் நடத்தி முடித்துவிடுவாள். செங்காட்டுப்புதூரில் அதை ஒரு வரம் என்றே எல்லாரும் நம்பினார்கள். உண்மை என்னவென்றால், அவளிடம் இருந்த சரக்கே பதினொரு நிமிடத்துக்குத்தான் வரும். அவள் படித்தது தாவரவியல். வெற்றித்திலகம் பயிற்சி மையத்தின் இயற்பியல் வாத்தியார் எதிர்த்தெரு மையத்துக்குத் தாவிய மறுநாள், முதலாளி நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டு, "செடியும் சயின்ஸ்தானுங்க, இதுவும் சயின்ஸ்தானுங்க. எடுத்துவிடுங்க டீச்சர்" என்றார். அவளும் எடுத்துவிட்டாள்.

அவளுடைய முறை எளிமையானது. பாவாடைக்குக் கோக்கும் எலாஸ்டிக்கில் ஒரு முழம் வெட்டி, அதில் பேனாவால் கோடு கோடாகப் போட்டு வைத்திருப்பாள். ஒவ்வொரு கோடும் ஒரு நொடி. ஒரு பையனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே எலாஸ்டிக்கை இழுப்பாள். "பாத்துக்கோங்க. ஓடுற வண்டியில காலம் நீளும். இதுக்குப் பேரு கால நீட்டிப்பு. அவ்வளவுதான் சார்பியல்." வகுப்பு கைதட்டும். யாராவது சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினால், "அது சிலபஸ்ல இல்ல" என்று சொல்லிவிட்டு டஸ்டரை எடுத்துவிடுவாள். இருபது வருட வாத்தியார் வேலையில் 'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியத்தை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தெரியாமல் இருந்த சமயங்கள் நிறைய உண்டு.

இந்தப் பதினொரு நிமிடத்தை யாரோ வீடியோ எடுத்து, அது ஊர் ஊராகச் சுற்றியதில்தான் வினை ஆரம்பித்தது.

நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கையில் நடந்த நல்லதில் பாதிக்கு மேல் 'கால நீட்டிப்பு' என்ற இரண்டு சொற்களால் நடந்தது. மையத்தின் கட்டட அனுமதிக்கு மூன்று தடவை கால நீட்டிப்பு. தீயணைப்புச் சான்றிதழுக்கு நான்கு தடவை. செய்தித்தாளைப் பிரித்தால் அவர் கண் முதலில் போவதே 'விண்ணப்பிக்கக் கால நீட்டிப்பு' என்ற இடத்துக்குத்தான். அப்பேர்ப்பட்ட மனிதர் வசுமதியின் வீடியோவைப் பார்த்தபோது இயற்பியல் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்தால் கூடுதல் அவகாசம் கிடைக்கும். அரசாங்கத்திடம் மனுப் போடாமலே கிடைக்கும்.

அந்தச் சமயம் மந்தஒளி வளையங்கள் சந்தைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு பெரிய வட்டக் கண்ணாடிக் குழாய்ப் பாதை. உள்ளே அடைத்திருக்கும் வாயுவில் ஒளியே மணிக்கு நாற்பது கிலோமீட்டர்தான் போகும். அதனால் ராக்கெட்டில் நடக்க வேண்டிய விந்தையெல்லாம் அதற்குள் ஒரு டவுன் பஸ்ஸில் நடக்கும். பிள்ளைகளுக்குச் சார்பியலைக் கண்ணால் காட்டுவதற்காகச் செய்த சாதனம். வாங்கின பள்ளிகள் பலவற்றில் அது சைக்கிள் நிறுத்துமிடமாகிவிட்டது. அப்படி ஒன்றை நாச்சிமுத்து பிரித்தெடுத்து வந்து மையத்துக்குப் பின்னால் இருந்த சோளக்காட்டில் பூட்டிவிட்டார்.

"ஏனுங்க டீச்சர்," என்று திட்டத்தை விளக்கினார். "வளையத்துல பஸ்ஸு முப்பத்தொன்பது புள்ளி எட்டு வேகத்துல ஓடும். நாற்பதைத் தொட முடியாது, ஒளியை முந்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குதாம். அந்த வேகத்துல காலம் பத்து மடங்கு நீளும்னு வித்தவன் எழுதியே குடுத்துட்டான். ஞாயித்துக்கிழமை டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு. செவ்வாய்க்கிழமை காலைல ஆறு மணிக்குப் பன்னெண்டு பசங்களை ஏத்தறோம். சனிக்கிழமை காலைல இறக்கறோம். நமக்கு நாலு நாளு, அவங்களுக்கு நாப்பது நாளு. எதிர்த்தெருக்காரன் என்ன பண்ணுவான், சொல்லுங்க."

பஸ்ஸை அவரே முன்னின்று தயார் செய்தார். பன்னிரண்டு படுக்கை, பின்னால் கழிப்பறை, நாற்பது நாளைக்குப் புளிக்காய்ச்சல், பொரிமாவு, பால் பவுடர், பிஸ்கட் டின். ஓட்டுநர் வேண்டாம், தண்டவாளத்தில் தானே ஓடும். நிறுத்தும் விசை உள்ளே மட்டும்தான், வெளியிலிருந்து நிறுத்த வழி கிடையாது. வெளியே வைத்தால் யாராவது ஒரு அம்மா பாசத்தில் அமுக்கிவிடுவாள் என்பது அவருடைய அனுபவம். அந்த விசைக்கும் ஒரு பூட்டு. உள்ளே மாட்டியிருந்த கடிகாரம் நாற்பது நாள் காட்டினால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தி மிருதுளா, வசுமதியின் ஒரே மகள். பணியாளர் பிள்ளைக்கென்று ஒரு படுக்கையை ஒதுக்கியிருந்தார்கள். மகள் டாக்டர் ஆக வேண்டும் என்பது வசுமதியின் ஆசை என்று சொன்னால் போதாது. மிருதுளா பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. போன வருடம் மிருதுளா பன்னிரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. படிக்கிறாள், அதனால் பேசுவதில்லை என்று வசுமதி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வெள்ளோட்டம். மையத்தின் வேன் ஓட்டுநர் வெள்ளிங்கிரி தன் வேனையே வளையத்தின் வெளிப்பாதையில் ஏற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்தான். வந்தவன் நேராக வசுமதியிடம் போய் ஒரு டீ கிளாஸை நீட்டினான். மேலே ஆடை படிந்து ஜில்லென்று இருந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா, இது சூடா இருந்துச்சுங்க. மதில் மேல வெச்சிட்டு ஏறினேன். உள்ள ரெண்டு நிமிஷங்கூட இருக்கலைங்க. எறங்கிப் பாத்தா டீ ஆறி, ஈ மொய்ச்சுக் கெடக்குது. கேட்டா இருபது நிமிஷம் ஆச்சுங்கறாங்க. நீங்க நீளும்னு சொன்னீங்க. எனக்குச் சுருங்கியில்ல போச்சு."

வசுமதி கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளிங்கிரி பதிலுக்குக் காத்து நின்றான். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"டீக்கடைக்காரன் ஆறின டீயைக் குடுத்திருப்பான்" என்றாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாச்சிமுத்துவிடம் போய், "சார், நீளும்னா யாருக்கு நீளும்னு ஒரு தடவை விசாரிச்சிட்டு..." என்று இழுத்தாள். அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. 'நான்கு நாளில் நாற்பது நாள். தமிழகத்தில் முதன்முறையாகக் கால நீட்டிப்பு' என்று எழுதி, எலாஸ்டிக்கை இழுத்தபடி வசுமதி சிரித்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்த பிறகு அவள் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் படியில் கால் வைத்த மிருதுளா திரும்பி நின்றாள்.

"அம்மா, நிச்சயமா நீளும்தானே?"

பின்னால் பதினொரு பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் நின்றார்கள். நாச்சிமுத்து தேங்காயோடு நின்றார்.

"நீளும். ஏறு" என்றாள் வசுமதி.

மிருதுளா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஏறிவிட்டாள். கதவு மூடிற்று. தேங்காய் இரண்டாகச் சரிபாதியாக உடைந்ததை எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள்.

அடுத்த இரண்டு நாளும் சோளக்காடு திருவிழாவாக இருந்தது. வளையத்தின் நடுவில் மேடை போட்டிருந்தார்கள். அதில் நின்று பஸ்ஸின் போக்கிலேயே கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தால் ஜன்னல் வழியே பிள்ளைகள் தெரிவார்கள். ஒருத்தரும் அசையவில்லை. உற்றுப் பார்த்தால் அசைந்தார்கள், ஆனால் பக்கத்தைப் புரட்ட அரை நிமிடம், கொட்டாவி விட ஒரு நிமிடம்.

"பாருங்க," என்று நாச்சிமுத்து பெற்றோர்களிடம் பெருமையோடு காட்டினார். "எப்படி ஒழுக்கமா உக்காந்திருக்காங்க. வீட்டுல இப்படி உக்காந்ததுண்டா?"

பெற்றோருக்குப் புல்லரித்தது. அசையாத பிள்ளையைப் பெற வேண்டும் என்பதுதானே அவர்களுடைய நெடுநாள் வேண்டுதல். அடுத்த பேட்ச்சுக்குப் பெயர் கொடுக்க அங்கேயே வரிசை நின்றது. ருக்மணி என்ற ஒரு தாய்க்கு மட்டும் ஒரு குறை இருந்தது. ஓடும் பஸ் நெடுக்கில் சுருங்கி ஒரு பீரோ அகலத்துக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த அவள் மகனும் அதற்கேற்பக் குச்சியாகத் தெரிந்தான். "ரெண்டே நாள்ல எம்புள்ள எப்படி எளைச்சிட்டான் பாருங்க டீச்சர். சோறு சாப்பிடறானா இல்லையா தெரியலையே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது நீளச் சுருக்கம் என்றும், அதுவும் சார்பியல்தான் என்றும் வசுமதி சொல்லியிருக்கலாம். அந்தப் பாடம் அவளுடைய பதினொரு நிமிடத்தில் இல்லை.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் சாப்பிடப் போன பிறகு, அவள் தனியாக மேடையில் நின்றாள். மகளைப் பார்க்கத்தான் நின்றாள். ஆனால் கண் மகளின் தலைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் போய் விழுந்தது. எலாஸ்டிக் கணக்குப்படி பஸ்ஸுக்குள் இந்நேரம் இருபத்திரண்டு நாள் ஓடியிருக்க வேண்டும். கடிகாரத்தின் கீழே நாள் காட்டும் சின்னக் கட்டத்தில் 'ஒன்று' என்று இருந்தது. முள் பதினொன்றரைக்குப் பக்கத்தில் நின்றது.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை.

வசுமதிக்குக் கணக்கு வராது என்றாலும் இந்தக் கணக்கு வந்தது. வெளியே ஐம்பத்து நான்கு மணி நேரம், உள்ளே ஐந்தரைகூட முழுசாக இல்லை. அப்படியானால் உள்ளே நாற்பது நாள் முடிய வெளியே நானூறு நாள். சனிக்கிழமை கதவு திறக்காது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு போச்சு. அது போகட்டும், நானூறு நாளென்றால் ஒரு வருடத்துக்கும் மேலே, அடுத்த வருடத் தேர்வும் போச்சு. இரண்டு தேர்வும், ஒரு வருடத்துக்கு மேல் மகளும். தன் வாயால் 'நீளும், ஏறு' என்று சொல்லி ஏற்றிவிட்டாள். ஆறின டீயின் ஞாபகம் வந்தது. பாவி, அன்றைக்கே தெரிந்துபோயிற்றே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

நாச்சிமுத்துவிடம் போகவில்லை. வெள்ளிங்கிரியிடம் ஓடினாள்.

"வேனை எடுங்க. பஸ்ஸை ஒட்டியே ஓட்டணும். ஜன்னலோட பேசற தூரத்துல."

"டீ ஆறித்தான் போச்சுங்களா டீச்சரம்மா?" என்றான் அவன்.

"ஆறித்தான் போச்சு. எடுங்க."

வேன் வளையத்தில் ஏறி வேகம் பிடித்தது. பீரோ அகலத்துக்கு இருந்த பஸ் கிட்டே போகப் போக நீண்டு பழையபடி பஸ் ஆயிற்று. பின்னால் திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்து மேடையில் ஏறுவதும் இறங்குவதும் ஓடுவதுமாக எறும்பு போலத் துடித்தார். இங்கே ஒரு நிமிடம் பேசினால் அங்கே பத்து நிமிடம் ஓடும். பரவாயில்லை.

பஸ்ஸுக்குள் யாரும் படிக்கவில்லை. நடுவில் போர்வையை விரித்து ஐந்தாறு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ருக்மணியின் மகன் கொழுகொழுவென்று உட்கார்ந்து பொரிமாவில் சர்க்கரை கலந்துகொண்டிருந்தான். ஒருத்தி குறட்டை விட்டுத் தூங்கினாள். மிருதுளா சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று வசுமதிக்கு ஞாபகம் இல்லை.

ஜன்னல் கண்ணாடிக்கு மேலே காற்றுக்காக நாலு விரல் இடைவெளி இருந்தது. வசுமதி வேன் ஜன்னலில் எட்டிக் கூப்பிட்டாள்.

"மிருது, காலம் நீளலடி. நான் சொன்னது தப்பு. கடிகாரத்து முள்ளைத் திருப்பி வெச்சு அந்தப் பூட்டைத் திற. பஸ்ஸை நிறுத்திட்டு எல்லாரும் இறங்குங்க. இல்லேன்னா ரெண்டு பரிட்சையும் போயிரும்."

மிருதுளா சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு பரிட்சை போகும்னு. நாப்பது நாள்னா நானூறு நாள். போட்டுப் பாத்துட்டுத்தான் ஏறினோம். பூட்டெல்லாம் ஏறின கொஞ்ச நேரத்துலயே கழண்டு விழுந்துருச்சு, நாச்சிமுத்து சார் வாங்கின பூட்டுத்தானே. நாங்கதான் விசை மேல யார் கையும் தெரியாமப் படக் கூடாதுன்னு கயித்தைச் சுத்திக் கட்டியிருக்கோம்."

சீட்டாட்டம் நின்று, பன்னிரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை.

"எப்படிடி தெரியும்? நான் அப்படி நடத்தலையே."

"நடத்தினியேம்மா. எலாஸ்டிக்கை இழுத்தா கோடு கூடுமா? தள்ளித் தள்ளிப் போகும். பத்துக் கோடு இருந்த முழத்துல ஒரு கோடுதான் நிக்கும். ஓடறவனுக்கு நொடி ஒண்ணொண்ணும் தூரமாயிரும், அதனால எண்ணிக்கை குறையும். முதல் வகுப்புலயே எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. நல்ல முறைம்மா அது. உனக்கு மட்டுந்தான் புரியல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு தடவை கையத் தூக்கினேன். சிலபஸ்ல இல்லைன்னுட்ட."

வெள்ளிங்கிரி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினான். வசுமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்படி என்னடி வெறுப்பு என் மேல? நானூறு நாள் உன்னைப் பாக்காம நான் என்ன பண்ணுவேன்?"

"வெறுப்பெல்லாம் இல்லம்மா." மிருதுளாவின் குரலும் இறங்கிவிட்டது. "ஏறும்போது கேட்டேன்ல, நிச்சயமா நீளுமான்னு. அப்ப நீ 'எனக்குத் தெரியாதுடி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இறங்கியிருப்பேன். சத்தியமா இறங்கியிருப்பேன். எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம்னு ரெண்டு வருஷமாச் சொல்றேன். எனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதையும் நீ ஒத்துக்க மாட்டேங்கற. இங்க இருக்கற பன்னெண்டு வீட்டுலயும் இதே கதைதான். அதான் நாங்க நாப்பது நாள் லீவு எடுத்துக்கிட்டோம்."

"எனக்கு நானூறு நாள் தண்டனையா?"

"தண்டனை இல்லம்மா. புரிஞ்சுக்க உங்களுக்கெல்லாம் கொஞ்சம் டைம் வேணும்ல. நாச்சிமுத்து சார் ஃப்ளெக்ஸ்ல போட்டது சரிதான். கால நீட்டிப்புதான். ஆனா அது எங்களுக்கு இல்ல, உங்களுக்கு."

வசுமதி இடைவெளிக்குள் கையை நீட்டினாள். மிருதுளா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படியே வேனில் கூடவே வந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேனில் நாற்பது நாளைக்குச் சோறு இல்லை என்பது ஒரு பக்கம். கூடவே போனால், மகள் கொடுத்த நானூறு நாளும் வீண். விரல்கள் சூடாக இருந்தன. வசுமதிக்கு விட மனமில்லை. அப்புறம் விட்டாள்.

"ராத்திரில காத்து வந்தா போர்த்திக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வேன் நின்றபோது வெளியே மூன்று மணி நேரம் போயிருந்தது. நாச்சிமுத்து வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"எங்க போய்ட்டீங்க டீச்சர்? பசங்க எப்படி இருக்காங்க? படிக்கறாங்களா?"

"படிச்சுட்டாங்க" என்றாள் வசுமதி. "நாமதான் ஃபெயில்." பிறகு எலாஸ்டிக்கை எடுத்து அவர் கண்ணெதிரே இழுத்துக் காட்டி, கோடுகளை எண்ணச் சொன்னாள். நாச்சிமுத்து எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். ஃப்ளெக்ஸ் இருந்த பக்கம் திரும்பி, "ஃப்ளெக்ஸ்ல நாலு நாளுங்கறதை மட்டும் நானூறுன்னு ஒட்டிரலாங்களா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை பன்னிரண்டு வீட்டாரும் மாலையோடு வந்து நின்றார்கள். ஆறு மணி ஆயிற்று. ஏழு ஆயிற்று. பஸ் அதன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவுக்கு அன்று காலையிலிருந்து வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. வசுமதி மேடை ஏறினாள். எலாஸ்டிக்கை இழுத்து, பாதியில் நிறுத்தாமல் முழுப் பாடத்தையும் நடத்தினாள். பிள்ளைகள் எப்போது வருவார்கள், ஏன் ஏறினார்கள், தான் எதை எங்கே மறைத்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தர் மாலையைத் தூக்கி அவள் மேலேயே எறிந்தார். இன்னொருத்தர் எதிர்த்தெரு மையத்தில் இந்த மாதிரி பஸ் இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக விசாரித்தார்.

கூட்டம் கலைந்த பிறகும் ருக்மணி மட்டும் போகவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், எம்பையனுக்கு டாக்டர் வேண்டாம்னா, வேற என்னதான் வேணுமாமா?"

வசுமதி பழக்கத்தில் வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு பதில் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

ருக்மணி யோசித்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

இரண்டு பேரும் மேடைப் பலகையில் உட்கார்ந்தார்கள். கழுத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தால், மிருதுளாவும் ருக்மணியின் மகனும் ஜன்னலோரம் எதையோ பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது தெரிந்தது. அந்தச் சிரிப்பு முடிய இன்னும் ஒரு நிமிடமாவது ஆகும்.

"நேரம் இருக்கு" என்றாள் வசுமதி. "முந்நூத்தித் தொண்ணூத்தாறு நாள்."